டாக்டர் உங்களைப் பார்த்தாரா?

உங்களுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டதா? அப்படியானால் லைசென்ஸ் புதுப்பிக்கும்போது படிவம் 1-ஏ என்ற மருத்துவச் சான்றிதழைக் கொடுத்திருப்பீர்கள். அதில் கையெழுத்துப் போட்ட டாக்டரின் முகம் ஞாபகம் இருக்கிறதா?

இருந்தால் நீங்கள் அபூர்வமான ஆள். நம்மில் பலருக்கு அந்த டாக்டர் வெறும் ரப்பர் ஸ்டாம்ப். டிரைவிங் ஸ்கூல்காரர் “எல்லாம் நான் பாத்துக்கறேன் சார், ஃபோட்டோ மட்டும் குடுங்க” என்பார். கொடுத்தோம். மறுநாள் நமக்குக் கண் தெரிகிறது, காது கேட்கிறது, கை கால் மடங்குகிறது என்று, நம்மைப் பார்த்தே இராத ஒருவர் சான்று தந்துவிட்டார். எவ்வளவு நம்பிக்கை!

அந்தப் படிவத்தை ஒரு தடவையாவது படித்துப் பாருங்கள். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் உள்ள கார் நம்பர் பிளேட்டை இவரால் படிக்க முடியுமா? மாலைக்கண் இருக்கிறதா? ஹாரன் சத்தம் கேட்குமா? இதெல்லாம் கேள்விகள். இவரை நானே நேரில் பரிசோதித்தேன், தூரப் பார்வையையும் காதையும் கை கால் மூட்டுகளையும் குறிப்பாகக் கவனித்தேன் என்று டாக்டர் உறுதி சொல்ல வேண்டும். சட்டம் எழுதியவர்கள் முட்டாள்கள் அல்ல. எதைக் கேட்க வேண்டுமோ அதில் முக்கால்வாசியைக் கேட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். நாம்தான் அதைக் காசு கொடுத்து வாங்கும் காகிதமாக்கிவிட்டோம். காகிதம் போய்க் கம்ப்யூட்டர் வந்தாலும் கேள்வி மாறப்போவதில்லை. டாக்டர் ஆளைப் பார்த்தாரா, இல்லையா?

இருபத்தைந்து வயதுக்காரருக்கு இது வெறும் ஊழல். எழுபத்தைந்து வயதுக்காரருக்கு இது உயிர் விஷயம். அவருடைய உயிர் மட்டுமல்ல, எதிரே வருகிறவரின் உயிரும்.

உடனே சிலர் கோபமாக எழுதுவார்கள் என்று தெரியும். “பைக்கில் முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பறக்கிறானே, அந்தப் பொடியனை விட்டுவிட்டு, முப்பது கிலோமீட்டர் வேகத்தில் கோயிலுக்குப் போகிற பெரியவரைப் பிடிக்க வந்துவிட்டாயா?”

நியாயமான கேள்வி. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் செத்தார்கள் என்கிறது மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம். அதே ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம், 64,105 விபத்துகளோடு, நம் தமிழ்நாட்டுக்கு. செத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு 18 முதல் 45 வயதுக்குள். ஆகவே நம் சாலைகளை ரத்தமாக்குவது தாத்தாக்கள்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பொடியனைத் தப்பவிடுகிற அதே சோம்பேறித்தனம்தான் பெரியவரையும் கண்டுகொள்ளாமல் விடுகிறது. 1975இல் ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கினார் ஒருவர். காலாவதியாகும் முன் ஒழுங்காகப் புதுப்பித்து வந்திருந்தால், அதற்குப் பிறகு அவர் ஓட்டுவதை எந்த அதிகாரியும் பார்த்ததில்லை. எட்டுப் போட்டதோடு சரி. அன்று அவருக்கு இருபத்தைந்து. இன்று எழுபத்தைந்துக்கு மேல். கண் அதே கண் அல்ல. ரோடும் அதே ரோடு அல்ல.

வயதானால் என்ன ஆகிறது? அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதுக்காரருக்குப் போய்ச் சேருவதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். பாவை சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது. எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் கூசினால், கண் பழைய நிலைக்குத் திரும்ப முன்னைவிட அதிக நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்தில் வண்டி நிற்பதில்லை, ஓடிக்கொண்டிருக்கிறது. க்ளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய் பக்கவாட்டுப் பார்வையை ஓசைப்படாமல் திருடும். வலி கிடையாது. நேராகப் பார்த்தால் எல்லாம் தெளிவு. இடதுபுறச் சந்திலிருந்து சைக்கிளில் வரும் பிள்ளை மட்டும் தெரியாது.

கழுத்து முழுசாகத் திரும்ப மறுக்கிறது. பிரேக் பிடிக்க அரை விநாடி தாமதமாகிறது. அரை விநாடிதானே என்கிறீர்களா? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அரை விநாடி என்பது எட்டு மீட்டருக்கும் மேல். ஒரு ஸீப்ரா கிராஸிங்கைத் தாண்டிப் போய் நிற்கப் போதுமான தூரம்.

இதோடு மாத்திரைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தூக்க மாத்திரை, சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற சில மாத்திரைகள், சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும் இன்சுலின். “சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு” என்று எழுதித் தரும் டாக்டர்களில் எத்தனை பேர் “நீங்க வண்டி ஓட்டுவீங்களா?” என்று கேட்கிறார்கள்? அடுத்த முறை நீங்களே கேளுங்கள், சொல்கிறேன்.

எல்லாருக்கும் எல்லாம் ஒரே வயதில் வருவதில்லை என்பது உண்மை. எண்பதில் கச்சிதமாக ஓட்டுகிறவரும் உண்டு, அறுபதில் தடுமாறுகிறவரும் உண்டு. அதனால்தான் “எழுபது ஆனால் லைசென்ஸ் ரத்து” என்று யாராவது சட்டம் போட்டால் முதல் ஆளாக எதிர்ப்பேன். பிறந்த தேதியைப் பார்த்து மட்டும் ஆளை எடைபோடுவது அநியாயம். அநியாயம் மட்டுமல்ல, சோம்பேறித்தனமும்கூட. ஆளைப் பார்க்கச் சொன்னால், தேதியைப் பார்த்துவிட்டுப் போவது.

சரி, டாக்டர் பார்க்கவில்லை. வீட்டில் இருக்கிற நாம் பார்க்கிறோமா?

பார்க்கிறோம். வாயைத் திறப்பதில்லை. காரின் இடதுபுறம் புதிதாக ஒரு கீறல். வாசல் கேட்டில் ஒரு இடி. தினம் போகிற மார்க்கெட்டுக்கு அன்றைக்கு ஒரு நாள் வழி தெரியாமல் சுற்றிவிட்டு வந்தது. மகனுக்குத் தெரியும், மருமகளுக்குத் தெரியும், எதிர்வீட்டுக்காரருக்கும் தெரியும். யார் சொல்வது? “அப்பா, இனிமே நீங்க ஓட்ட வேண்டாம்ப்பா” என்று ஆரம்பித்தால், “நாப்பது வருஷமா ஓட்டறேன், எனக்கு நீ சொல்லித் தர வந்துட்டியா?” என்று முடியும். அதற்குப் பயந்து சும்மா இருக்கிறோம். சும்மா இருப்பதோடு நில்லாமல், பேத்தியை ஸ்கூலிலிருந்து கூட்டி வர அதே ஸ்கூட்டரில் அவரையே அனுப்பவும் செய்கிறோம். நமக்கு ஆபீஸ் இருக்கிறதே!

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இன்னும் ஒரு படி மேலே. அப்பா சிரமப்படக் கூடாது என்று எழுபதாவது பிறந்த நாளுக்கு ஆட்டோமேட்டிக் கார் வாங்கித் தருகிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் வாழ்நாள் முழுக்கக் கிளச் மிதித்தே பழகிய கால், எழுபது வயதில் திடீரென்று கிளச்சே இல்லாத வண்டியில் ஏறுகிறது. ஒரு கால், இரண்டு பெடல். பதற்றத்தில் எது பிரேக், எது ஆக்ஸிலரேட்டர்? நாலு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிவிட்டா விமானம் ஏறுகிறார்கள்?

பெடல் மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு உலகம் விலை கொடுத்துப் பாடம் படித்திருக்கிறது. 2003 ஜூலையில் அமெரிக்காவின் சான்டா மோனிகா நகரில் 86 வயதுக்காரர் ஒருவரின் கார், தெருவை அடைத்து நடந்துகொண்டிருந்த காய்கறிச் சந்தைக்குள் பாய்ந்தது. பத்துப் பேர் செத்தார்கள், அறுபதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்திருக்கிறார் என்பதுதான் விசாரணையின் முடிவு. 2019 ஏப்ரலில் டோக்கியோவின் இக்கெபுக்குரோ பகுதியில் 87 வயதான ஓய்வுபெற்ற உயர் அதிகாரி ஒருவர் ஓட்டிய கார், சைக்கிளில் போன ஒரு இளம் தாயையும் அவளுடைய மூன்று வயது மகளையும் கொன்றது. “கார்தான் கோளாறு” என்று கோர்ட்டில் வாதாடினார் அவர். காரில் பதிவாகியிருந்த விவரம் ஆக்ஸிலரேட்டர் மிதிக்கப்பட்டதைக் காட்டிக்கொடுத்தது. 2021இல் ஐந்து ஆண்டு சிறைத்தண்டனை. தொண்ணூறு வயது தாண்டியவர், சிறையிலேயே செத்தார்.

இந்த இருவரும் குடித்துவிட்டு ஓட்டியவர்கள் அல்ல, ரேஸ் விட்டவர்கள் அல்ல. நம் வீட்டுப் பெரியவர்களைப் போன்றவர்கள்தான். அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

சாவியை விடுவது ஏன் இவ்வளவு கஷ்டம்? பிரிட்டிஷ் ராணியின் கணவர் இளவரசர் பிலிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கா டிரைவருக்குப் பஞ்சம்? 97 வயதில், 2019 ஜனவரியில், சாண்ட்ரிங்ஹாம் அரண்மனைப் பக்கம் தானே ஓட்டிப் போய் இன்னொரு கார்மேல் மோதினார். அந்தக் காரில் ஒன்பது மாதக் குழந்தை இருந்தது. குழந்தை பிழைத்தது பெரும் அதிர்ஷ்டம். அடுத்த மாதம் அவர் தன் லைசென்ஸைத் தானே ஒப்படைத்தார். அரண்மனைவாசிக்கே சாவி அவ்வளவு பெரிய விஷயம் என்றால், ரிட்டையர் ஆகி, மனைவியின் முழங்கால் வலிக்கு ஆஸ்பத்திரிக்கும், பென்ஷன் வேலைக்கு பேங்க்குக்கும் ஓடுகிற நம்மூர் மனிதருக்கு எப்படி இருக்கும்? சாவி என்பது அவருக்கு வண்டி அல்ல. யாரையும் கெஞ்சாமல் வெளியே போய் வருகிற உரிமை.

ஆகவே அதைப் பிடுங்கி ஒளித்து வைக்கிற வீரத்தை விடுங்கள். அதைவிட முதலில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது. கண்புரை அறுவை செய்துகொண்ட வயதான டிரைவர்கள், செய்துகொள்ளாதவர்களைவிடச் சுமார் பாதி அளவே விபத்தில் சிக்கினார்கள் என்று 2002இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. கண்புரை அறுவையில் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. டாக்டர் வெங்கடசாமி, 58 வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, 1976இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை உலகத்துக்கே முன்னுதாரணம். அப்படிப்பட்ட ஊரில், புரை விழுந்த கண்ணோடு ஒருவர் ஸ்கூட்டரில் பேத்தியை ஏற்றிக்கொண்டு போகிறார் என்றால், பணம் இல்லாததால் அல்ல. யாரும் அவரைக் கூட்டிப் போகாததால். ஒழுங்காக நடக்கிற பரிசோதனை பல பேருக்குச் சாவியைப் பிடுங்காது, இன்னும் சில ஆண்டுகளுக்குத் தைரியமாகக் கையில் கொடுக்கும்.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன? ஜப்பானில் 75 வயதுக்கு மேல் லைசென்ஸ் புதுப்பிக்க நினைவாற்றல் தேர்வு உண்டு. 2022 முதல், சில வகைப் போக்குவரத்து விதிமீறல் செய்தவர்கள் ஓட்டியும் காட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 75இலிருந்து ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை. 85க்கு மேல் ஓட்டிக் காட்ட வேண்டும், அல்லது வீட்டைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குள் மட்டும் ஓட்டலாம் என்ற லைசென்ஸை வாங்கிக்கொள்ளலாம். நம்மூரில்? 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 55 வயதைத் தாண்டினால் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கிறார்கள். 56 வயதுக்காரருக்கும் ஐந்து ஆண்டு, 81 வயதுக்காரருக்கும் ஐந்து ஆண்டு. 81க்கும் 86க்கும் நடுவில் ஒரு உடம்புக்கு என்னென்ன ஆகலாம் என்று உங்களுக்கே தெரியும். படிவத்தில் மறதி பற்றித் தனியாக ஒரு கேள்விகூடக் கிடையாது.

சோதனை மட்டும் வைத்தால் போதுமா? போதாது. இங்கேதான் என்னோடு ஒத்துப்போகிறவர்களோடும் நான் சண்டை போட வேண்டியிருக்கிறது.

டென்மார்க்கில் வயதானவர்களுக்கு லைசென்ஸ் புதுப்பிக்கும்போது நினைவாற்றல் தேர்வைக் கட்டாயமாக்கினார்கள். அதன் விளைவை ஆராய்ந்து 2012இல் ஒரு ஆய்வு வந்தது. கார் ஓட்டிச் செத்த முதியவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. நடந்தும் சைக்கிளிலும் போய்ச் செத்த முதியவர்களின் எண்ணிக்கைதான் கூடியிருந்தது! காரைவிட்டு இறங்கியவர்கள் ரோட்டில் மாட்டிக்கொண்டார்கள் என்றுதானே அர்த்தம்? ஒழுங்கான நடைபாதையும் சைக்கிள் பாதையும் உள்ள ஊரிலேயே இந்தக் கதி. நம்மூரில் நடைபாதையில் டிரான்ஸ்ஃபார்மர், பெட்டிக்கடை, அவற்றுக்கு நடுவே பார்க் செய்த பைக். 2022இல் மட்டும் இந்தியாவில் நடந்து போனவர்களில் 32,825 பேர் வண்டி மோதிச் செத்தார்கள். “அப்பா, ஸ்கூட்டர் வேண்டாம், நடந்து போங்க” என்று சொல்கிறோமே, எங்கே நடப்பது?

பஸ்ஸில் போகலாமா? முழங்கால் தேய்ந்தவருக்கு அந்த முதல் படி ஒரு மலை. அதில் கால் வைப்பதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிடுவார். மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை போய்ப் போராடியதற்குப் பிறகுதான் 2024இல் சென்னையில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. தங்களுக்காக மட்டுமா போராடினார்கள்? உங்கள் அம்மாவுக்காகவும் என் அப்பாவுக்காகவும் சேர்த்துத்தான். அவர்களுக்கு நாம் ஒரு நன்றி சொல்லியிருக்கிறோமா? சென்னையில் 60 வயது தாண்டியவர்களுக்கு மாதம் பத்து இலவச பஸ் டோக்கன் தரும் திட்டம் 2016இல் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் மாதத்துக்குப் பத்து டோக்கன் என்றால், போக ஐந்து, வர ஐந்து. ஐந்து நாள் வெளியே போகலாம், மீதி இருபத்தைந்து நாள் பெரியவர் என்ன செய்வார்? சாவியை எடுப்பார்.

ஆக, என் கோரிக்கைகள் இவை.

ஒன்று: எழுபது வயதுக்கு மேல் லைசென்ஸை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கட்டும். ஐந்து ஆண்டு கூடாது. சான்றிதழுக்கான பரிசோதனையை எல்லா அரசு மருத்துவமனைகளிலும் இலவசமாக, முன்கூட்டியே நேரம் கொடுத்து, நிழலில் உட்காரவைத்து நடத்தட்டும். கண் அழுத்தம், பக்கவாட்டுப் பார்வை, மறதி எல்லாம் அதில் சேரட்டும்.

இரண்டு: ஆளைப் பார்க்காமல் கையெழுத்துப் போடும் டாக்டருக்குத் தண்டனை. அபராதம் கட்டிவிட்டு அடுத்த படிவத்தை எடுக்கிற தண்டனை அல்ல, மருத்துவம் பார்க்கிற உரிமத்திலேயே கைவைக்கிற தண்டனை.

மூன்று: ‘ஓட்டலாம்’, ‘கூடாது’ என்ற இரண்டே பதில் போதாது. பகலில் மட்டும், ஊருக்குள் மட்டும், ஹைவேயில் கூடாது என்று நடுவே சில படிகள் வேண்டும். சட்டென்று சாவியை விடச் சொல்வதைவிடப் படிப்படியாக இறங்கச் சொல்வது மனிதத்தனம்.

நான்கு: லைசென்ஸைத் தானாக ஒப்படைக்கிறவருக்கு மரியாதை. ஜப்பானில் அப்படி ஒப்படைக்கிறவருக்கு, இத்தனை ஆண்டு வண்டி ஓட்டியவர் என்று ஒரு சான்று அட்டை கொடுக்கிறார்கள். அதைக் காட்டினால் பல ஊர்களில் பஸ்ஸிலும் டாக்ஸியிலும் சலுகை. 2019ஆம் ஆண்டில் மட்டும் சுமார் ஆறு லட்சம் பேர் அங்கே லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். இங்கேயும் திருப்பிக் கொடுக்கிறவருக்கு, கணக்குப் பார்க்காமல் எந்த நாளும் போய்வர இலவச பஸ் பாஸ் தரட்டும். ஏறக்கூடிய பஸ்ஸில்!

இதில் அரசாங்கம் செய்ய வேண்டியதற்கு நாளாகும். நீங்கள் செய்ய வேண்டியதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். வீட்டில் வண்டி ஓட்டுகிற எல்லாரும், இருபது வயது மகன் உட்பட, தெருவில் இறங்குங்கள். நிறுத்தியிருக்கும் ஒரு காரிலிருந்து 25 மீட்டர், அதாவது இரண்டு பஸ் நீளம், தள்ளி நின்று நம்பர் பிளேட்டைப் படியுங்கள். பெரியவரை மட்டும் தனியாக நிறுத்தாதீர்கள். எல்லாரும் வரிசையில் நின்றால் அது பரீட்சை அல்ல, விளையாட்டு. பிறகு அவர் ஓட்ட, நீங்கள் பின்னால் உட்கார்ந்து ஒரு ரவுண்டு போய்வாருங்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் உங்களுக்குப் பயமாக இருந்தால், அதே ஸீட்டில் உங்கள் குழந்தையைத் தினமும் அனுப்புகிறீர்கள் என்பதை யோசியுங்கள்.

அப்புறம், அடுத்த முறை படிவம் 1-ஏ தேவைப்படும்போது, டிரைவிங் ஸ்கூலில் ஃபோட்டோவைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். நேரே டாக்டரிடம் போங்கள். அவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் பேனாவைத் திறந்தால், “கொஞ்சம் இருங்க டாக்டர். முதல்ல என்னைப் பாருங்க” என்று சொல்லுங்கள்.